பீரங்கிக்கு உண்டு, கூலிக்கு இல்லையா?

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு கேள்விதான் வீட்டுக்கு வீடு கேட்டது: "கூலி ஏறிவிட்டதா?" குளத்திலும் வாய்க்காலிலும் மண் வெட்டிய விவசாயத் தொழிலாளர்கள், முக்கியமாகப் பெண்கள், வாரக்கணக்கில் வங்கிக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். பொங்கல் வந்தது, போனது, கூலி வரவில்லை. மார்ச் மாதக் கடைசியில், நூறு நாள் வேலைக்காக மத்திய சர்க்கார் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில ஆளுங்கட்சியே தெருவுக்கு வந்து ஆர்ப்பாட்டம் செய்யும் நிலை ஏற்பட்டது.

பணம் இல்லையா? இருந்தது. அடுத்த மாதமே, 2025 ஏப்ரலில், பிரான்ஸ் நாட்டிடமிருந்து கடற்படைக்கு 26 ரஃபேல் போர் விமானங்கள் வாங்க இதே மத்திய சர்க்கார் ஒப்பந்தம் போட்டது. விலை சுமார் 63,000 கோடி ரூபாய். ஆயுதம், பயிற்சி, உதிரிபாகம் எல்லாம் சேர்த்து ஒரு விமானத்துக்கு 2,400 கோடி ரூபாய் விழுகிறது. தமிழ்நாட்டு ஏழைகளுக்கு வைத்த கூலிப் பாக்கி முழுவதும் இரண்டு விமானங்களின் விலைக்குக்கூடக் காணாது!

தோழர்களே, கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். பட்ஜெட் கணக்குப் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அதில் உள்ள ஒவ்வொரு காசும் நம்முடையது.

2025-26 பட்ஜெட்டில் ராணுவத்துக்கு ஒதுக்கிய தொகை 6,81,000 கோடி ரூபாய். மத்திய சர்க்கார் செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 13 ரூபாய்க்கு மேல் ராணுவத்துக்குப் போகிறது. இவ்வளவும் துப்பாக்கிக்கும் விமானத்துக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஏறத்தாழ 1,60,000 கோடி ரூபாய் ஓய்வுபெற்ற சிப்பாய்களின் பென்ஷன். அது உழைத்தவனுக்குச் சேரவேண்டிய பணம். அதில் ஒரு காசைக்கூட யாரும் குறைக்கக்கூடாது. ஆனால் தளவாடம் வாங்குவது முதலான மூலதனச் செலவுக்கு மட்டும் 1,80,000 கோடி ரூபாய் தனியே ஒதுக்கப்பட்டது. அதே பட்ஜெட்டில் இந்தியா முழுவதிலும் உள்ள கிராமங்களின் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 86,000 கோடி. முந்தின ஆண்டும் அதே 86,000 கோடிதான். அரிசி விலை ஏறியது, பருப்பு விலை ஏறியது, ராணுவ பட்ஜெட் ஓராண்டில் 60,000 கோடி ஏறியது. கூலிக்கான தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது!

அந்த 2,400 கோடி ரூபாய் என்றால் என்ன? நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-இல் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். ஒரு விமானத்தின் விலையில் 7 லட்சம் பேருக்கு முழுதாக 100 நாள் கூலி கொடுக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் மாநில சர்க்கார் இத்திட்டத்தைச் சுமார் 31,000 தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கியபோது ஆண்டுச் செலவு ஏறக்குறைய 400 கோடி ரூபாய் என்று சொன்னது. ஒரு விமானத்தின் விலை, அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு வருஷச் சோறு.

ஆஸ்பத்திரியைப் பாருங்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி என்று மத்திய சர்க்காரே அறிவித்தது. அந்தப் பட்டியலில் நமது தென்காசி மாவட்டம் இல்லை. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு நெஞ்சுவலி என்றால், பிரசவத்தில் ஒரு தாய்க்கு ஆபத்து என்றால், பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். ஒரு விமானத்தின் விலையில் இத்தகைய கல்லூரிகள் ஆறு கட்டலாம். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று!

"இது கிராமத்து விவகாரம், தறி ஓட்டுகிற எனக்கு என்ன?" என்று ஒரு தொழிலாளி கேட்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். உங்கள் தறியில் நெய்த சேலையையும் துண்டையும் யார் வாங்குகிறார்கள்? மில் முதலாளியின் வீட்டாரா? ஆடித்தபசுக்கும் தீபாவளிக்கும் கையில் நாலு காசு இருந்தால்தான் விவசாயத் தொழிலாளி துணிக்கடைப் படி ஏறுகிறாள். அவள் கையில் கூலி விழாவிட்டால் கடையில் சரக்குத் தேங்கும். கடையில் தேங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் உங்கள் வீட்டு உலையும் நிற்கும். அவளுடைய கூலிதான் உங்களுடைய சந்தை. விமானத்துக்குக் கொடுத்த பணமோ பெரும்பகுதி கடல் தாண்டிப் பிரெஞ்சுக் கம்பெனியின் பெட்டிக்குப் போகிறது. திரும்பி நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வராது.

தறித் தொழிலுக்கு மத்திய சர்க்கார் செய்தது என்ன? 2020-இல் அகில இந்திய விசைத்தறி வாரியத்தைக் கலைத்தது. ஜவுளித் தொழிலில் இயந்திரங்களைப் புதுப்பிக்க மானியம் தந்த திட்டம் 2022 மார்ச்சுடன் முடிந்தது. அங்கெல்லாம் சிக்கனம்! ஆயுதத் தரகர்களிடம் மட்டும் தாராளம்!

பணத்துக்கு எங்கே போவது என்கிறார்கள். 2019 செப்டம்பரில் பெரிய கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது எங்கே போனார்கள்? அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே சொன்னார். கோடீஸ்வரனுக்கு வரி குறைகிறது. சோப்புக்கட்டி வாங்கும் கூலிக்காரி ஜி.எஸ்.டி. கட்டுகிறாள். அவள் கட்டிய வரியில் விமானம் பறக்கிறது; அவள் கூலி மட்டும் தரையில் கிடக்கிறது.

பாக்கி வைத்ததோடு விட்டார்களா? 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 125 நாள் வேலை என்று அதில் எழுதியிருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024-25-இல் நூறு நாள் என்ற சட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வேலை நாடு முழுவதும் சராசரி சுமார் 50 நாள்தான்! பழைய சட்டத்தில் மண் வேலைக் கூலி முழுவதும் மத்திய சர்க்காரின் பொறுப்பு. புதிய சட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 100-க்கு 40 போடவேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலை நிறுத்தி வைக்கப்படும். வேறு வேலை இருக்கிறது என்றால்தானே கூலியைக் கூட்டிக் கேட்கத் தொழிலாளிக்குத் தெம்பு? அந்தத் தெம்பைப் பறிக்கத்தான் இந்த ஏற்பாடு. விமானம் வாங்கும்போது மாநிலங்களிடம் 40 பங்கு கேட்டார்களா? கேட்கவில்லை. ஏழையின் கூலி என்றால் மட்டும் பங்கு பிரிக்கிறார்கள்.

"எல்லையில் ஆபத்து இருக்கும்போது இப்படிப் பேசலாமா?" என்று உடனே கேட்பார்கள். நேராகவே பதில் சொல்கிறோம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 அப்பாவிகளைக் கொன்ற கொடியவர்களை மன்னிக்க யாரும் சொல்லவில்லை. எல்லையைத் திறந்து போட்டுவிடு என்றும் சொல்லவில்லை. நாட்டைக் காக்கப் படை வேண்டும். ஆனால் படை என்றால் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள். 2022 ஜூனில் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு வேலை நாலு வருஷம்தான். நூறு பேரில் 75 பேர் பென்ஷன் இல்லாமல் வீடு திரும்பவேண்டும். விமானத்துக்கு 2,400 கோடி உண்டு, எல்லையில் நிற்பவனுக்குப் பென்ஷன் இல்லை! இதுவா தேசபக்தி? 1986-இல் வாங்கிய போபர்ஸ் பீரங்கியில் லஞ்சம் கைமாறியதாக 1987-இல் ஸ்வீடன் வானொலி சொன்னதை நாடு மறக்கவில்லை. தேச பாதுகாப்பு என்ற திரைக்குப் பின்னால் யார் யார் கொழுக்கிறார்கள் என்று கேட்பதுதான் உண்மையான தேசபக்தனின் கடமை.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் ராணுவத்தைக் குறைக்கவில்லை. இரண்டு லட்சம் சிப்பாய்களைக் கட்டித் தீனி போட்டார்கள். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அந்தச் சர்க்கார் கைவிரித்தது. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். திவாலானதற்குக் காரணங்கள் பல. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு அத்தனை துப்பாக்கிகளும் ஒரு மாத்திரை வாங்கித் தரவில்லை. அதன் பிறகுதான், 2023 ஜனவரியில், 2030-க்குள் ராணுவத்தை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று அறிவித்தார்கள்.

இது ஒரு நாட்டின் நோயல்ல. 2024-இல் உலக நாடுகள் ராணுவத்துக்குக் கொட்டிய பணம் 2,70,000 கோடி டாலருக்கு மேல் என்று ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. இந்தியா அதில் ஐந்தாம் இடம். ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று 1953-இல் சொன்னவர் கம்யூனிஸ்ட் அல்ல. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர், யுத்தம் நடத்திய தளபதி! 2024-இலும் ராணுவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவழித்தது அவருடைய நாடுதான்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. செய்த வேலைக்கு 15 நாளுக்குள் கூலி; தாமதமானால் நஷ்டஈடு. கூலிச் செலவு முழுவதையும் மத்திய சர்க்காரே ஏற்கவேண்டும். தென்காசி மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும். தறியைப் புதுப்பிக்க மானியம் வேண்டும். ஒவ்வொரு ஆயுத பேரத்தின் விலையும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். அண்டை நாடுகளுடன் பேச்சுவார்த்தைக் கதவைத் திறந்து வைக்கவேண்டும்; ஏனென்றால் யுத்த பயம் குறைந்தால்தான் யுத்த பட்ஜெட் குறையும்.

இந்தக் கோரிக்கைகளை வயல்காட்டுத் தொழிலாளி தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். தறித் தொழிலாளி தனியாகக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். இருவரும் சேர்ந்து சங்கரன்கோவில் கடைத்தெருவில் நின்று கேட்டால் டில்லிக்கும் காது கேட்கும்.

கேட்போம்! பீரங்கிக்கு முன்னால் கூலி! குண்டுக்கு முன்னால் சோறு!