இதயம் பலவீனமானால் கட்டில்தான் கதியா?

'ஹார்ட் பம்பிங் குறைஞ்சு போச்சு' என்று எக்கோ எடுத்த இடத்தில் சொல்லிவிட்டால் போதும், எங்கள் விளாங்குடிப் பக்கம் அந்த ஆளைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிடுவார்கள். தண்ணீர்ச் சொம்பு முதல் பேப்பர் வரை கைக்கு வரும். 'அவுக அசையவே கூடாதுங்கய்யா' என்று பெருமையாக வேறு சொல்வார்கள். பாசம்தான். ஆனால் இந்தப் பாசம் ஆளை இன்னும் முடக்கிவிடும்.

ஒரு காலத்தில் டாக்டர்களே படுத்திருக்கச் சொன்னார்கள். மூச்சு வாங்குவதற்கு இதயம் மட்டும் காரணமல்ல என்பது பிறகுதான் புரிந்தது. அசையாமல் கிடந்தால் தொடை, கெண்டைக்கால் தசைகள் கரைகின்றன. ரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தி அவற்றுக்குக் குறைகிறது. அப்புறம் பாத்ரூம் போய் வந்தாலே இளைக்கிறது. 2009-ல் வெளியான 'ஹெச்.எஃப். ஆக்‌ஷன்' ஆய்வில் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளைச் சேர்ந்த 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு முதலில் மையத்தில் 36 முறை பயிற்சி, பிறகு வீட்டிலேயே. ஆயுள் பெரிதாகக் கூடிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பயிற்சியால் ஆபத்து வரவில்லை. அன்றாட வாழ்க்கை ஓரளவு சுகப்பட்டது.

கால் வீக்கம் வடிந்து, மாத்திரை அளவு நிலைப்பட்டு, இதய டாக்டரும் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள். ஹாலிலோ வராண்டாவிலோ ஐந்து நிமிடம், காலையும் மாலையும். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டினால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது எல்லாம் நல்லதுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஒரு வரியை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் அதிகம். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். நடையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் நீர் பிரியும் மாத்திரை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடக்கவே கூடாது. மூச்சை அடக்கும் கும்பகமும் சிரசாசனமும் வேண்டாம்.

'வீட்டு வேலை செய்றாளே, அது போதாதா?' என்று நோயாளி மனைவியைப் பற்றிக் கேட்கும் கணவர்கள் உண்டு. ஆம்பளைக்குக் கட்டில், பொம்பளைக்கு அடுப்படி! தண்ணீர்க் குடத்தை மூச்சைப் பிடித்துத் தூக்குவது இதயத்துக்குச் சுமையே தவிர பயிற்சி அல்ல.

என்னிடம் மருதம்பட்டைக் கஷாயம் கேட்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டுத்தான் குடிப்பேன் என்பவருக்கு நான் தருவதில்லை. நிறுத்தச் சொல்லும் வைத்தியர்கள் எங்கள் துறையில் இருப்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையைப் போலவே 'எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்' என்பதையும் எழுத வேண்டும். கேட்டு வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதக்காரரின் கையைப் பயிற்றுவிக்கும் அவர்களிடம், அடுத்த வீட்டு இதய நோயாளிக்கும் ஐந்து நிமிட நடையைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அரசு ஒப்படைக்கலாமே?