உறைப்புக் காணாது



போன மாதம் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு நூல் வெளியீடு. முல்லைத்தீவு பஸ்ஸில் இரவிரவாகக் குலுங்கிப் போனோம், நானும் மச்சாளும். விழா முடிய நண்பர் ஒருவர் விடவில்லை. "வன்னியில கிடைக்காத சாப்பாடு ஒண்டு வாங்கித் தாறன்" என்று காலி வீதியில் ஒரு சைனீஸ் கடைக்குக் கூட்டிப்போனார். ஆடம்பரம் இல்லாத கடை. சுவரில் சிவப்பு டிராகன் ஒன்று, மேசையில் சில்லி பேஸ்ட் போத்தல். பரிமாற வந்த பொடியன் ஹட்டன் பக்கம். அந்தக் கடையில் சீனம் என்று சொல்ல அந்த டிராகன் மட்டும்தான்.

மெனுவில் நண்டுக்கு நேரே விலை இல்லை. 'சந்தை விலை' என்றிருந்தது. "எந்தச் சந்தை?" என்றாள் மச்சாள். பொடியன் முழித்தான். எனக்கு விளங்கியது. எங்கள் களப்புகளில் பிடிபடும் பெரிய நண்டு ஊர்ச் சந்தையை எட்டிப் பார்ப்பதில்லை. நிறுத்து, காலைக் கட்டி, உயிரோடு பெட்டியில் அடுக்கினால் நேரே கொழும்பு, அங்கிருந்து விமானம். சிங்கப்பூரில் 'இலங்கை நண்டு' என்று ஊர்ப்பெயர் சொல்லியே விற்கிறார்கள். எங்கள் முள்ளியவளைக்கு வருகிற மீன்பெட்டிச் சைக்கிளில் கால் உடைந்தவை இருக்கும். கடலட்டையும் இப்படித்தான். மூழ்கி எடுத்து, குடல் நீக்கி, அவித்து, காயவைத்து அனுப்புகிறோம். சீனக் கல்யாண விருந்தில் அதற்குப் பெரிய மரியாதை. எங்கள் ஊரில் ஒரு வீட்டு அடுப்பிலும் அது ஏறி நான் கண்டதில்லை.

நண்டை விட்டு, ஹொட் பட்டர் கட்டில்பிஷ் சொன்னோம். குசினிக் கதவு திறந்தபடி இருந்ததால் எல்லாம் தெரிந்தது. மாவில் புரட்டிய கணவாய்த் துண்டுகள் கொதிக்கிற எண்ணெய்க்குள் விழுந்து, எண்ணி முடிக்குமுன் வெளியே வந்தன. பிறகு பெரிய தாச்சியில் பட்டர், இடித்த செத்தல், கறிமிளகாய், வெங்காயத்தாள். சமையல்காரர் தாச்சியை ஒரு வீசு வீச, நெருப்பு அவர் முகம்வரை எழும்பி அடங்கியது. கணவாய்க்கு இரண்டே வழி: ஒன்றில் இப்படிக் கண்மூடித் திறக்குமுன் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் கறிபோல் நெடுநேரம் தணலில் கிடக்க வேண்டும். இடையில் நின்றால் றப்பர்.

மொறுமொறுப்பு அருமை. ஒரு துண்டைக் கடித்துவிட்டு மச்சாள் சொன்னது: "உறைப்புக் காணாது."

சீனாவில் தேடினால் இந்த ஹொட் பட்டர் கட்டில்பிஷ் கிடைக்காது. இது இலங்கையில் பிறந்தது. சீனாவின் ஷாண்டோங்கிலிருந்து சைக்கிளில் துணிமூட்டை கட்டி விற்க வந்தவர்களும், ஹூபேயிலிருந்து பல் கட்ட வந்தவர்களும் இங்கேயே தங்கினார்கள். பிறகு சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. பம்பலப்பிட்டியின் சைனீஸ் டிராகன் கஃபே 1942இல் தொடங்கியது. கடைக்கு வந்தவர்களின் நாக்குக்கு ஏற்பச் செத்தலும் கூடியிருக்க வேண்டும்.

மறுநாள் கொழும்பு நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பார்த்தேன். சீனக் கடற்தளபதி செங் ஹவின் கப்பல்கள் கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. ஒரே கல்லில் ஆளுக்கு ஏற்ற படையல்! அந்தச் சமையல்காரரின் நினைவு வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காவலாளி என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறுத்தியது. கொழும்புக் கணவாய்க்குப் பெயரும் பக்குவமும் எழுத்தில் இருக்கின்றன. எங்கள் நந்திக்கடல் இறாலுக்கு? அதுதான் இந்த இதழில் கடற்சமையலுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டுக் கைப்பக்குவத்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலும் தொடரும்.

முதல் குறிப்பு மச்சாளுடையது, கணவாய்க் கறி. கொப்பித்தாளில் எழுதித் தந்தாள். தூளுக்கு நேரே 'அளவாய்' என்று மட்டும் இருந்தது. எத்தனை கரண்டி என்று மூன்று தரம் கேட்டேன். "கை சொல்லும்" என்கிறாள். அப்படியே அச்சடித்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்