யாருடைய அந்தரங்கம்?

பிளாக்செயின் வழியே மெய்நிகர் சொத்துகளைக் கைமாற்றும் நிறுவனங்கள் ஓயாது உச்சரிக்கும் சொல் ‘சமநிலை’. வாடிக்கையாளரின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டுமாம், சட்டமும் மீறப்படக் கூடாதாம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. தராசு எவர் கையில் உள்ளது என்பது மும்பையின் மான்குர்த்தில் நின்று பார்த்தால் விளங்கும்.

தேவ்னார் குப்பைமேட்டை அண்டிய குடிசைகளிலிருந்து ஊருக்கு இரண்டாயிரம் ரூபாய் அனுப்பும் தமிழ்த் தொழிலாளி, ஆதார், கைபேசி எண், கைரேகை என அனைத்தையும் ஒப்படைத்தவர். பணச்சலவைத் தடுப்பின் பெயரால் எல்லா வங்கிக் கணக்குகளையும் ஆதாருடன் கட்டாயமாக இணைக்கச் சொன்ன விதியை, 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குடிமக்கள் அனைவரையும் சந்தேக நபர்களாகக் கருதக் கூடாது என்றது. தீர்ப்பு வந்த பிறகும் முகவரின் மேசையில் முதலில் கேட்கப்படுவது ஆதார்தான்.

பெருமுதலாளிகளுக்கோ அந்தரங்கம் கேளாமலே கிடைத்தது. தேர்தல் பத்திர வழக்கில் ஒன்றிய அரசு நன்கொடையாளரின் அந்தரங்கத்திற்காக உருகி வாதாடியது. 16,518 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் விற்பனையாகின. ஒவ்வொன்றிலும் புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும் எண் இருந்தது. வாங்கியவர் விவரமோ அரசுடைமை வங்கியின் பெட்டகத்தில் இருந்தது. அதாவது, மறைக்கப்பட்டது மக்களிடமிருந்துதான்! 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டம் வீழ்ந்தது. இடதுசாரிக் கட்சிகள் அந்தப் பத்திரங்களைத் தொடவில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

2023 மார்ச் 7 முதல் கிரிப்டோ நிறுவனங்களும் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. இது தேவையான நடவடிக்கையே. ஆனால் அடையாள ஆவணம் திரட்டுவதால் மட்டும் முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவு போனபோது, தம் ஆவணங்களைக் கொடுத்திருந்த சிறு முதலீட்டாளர்கள் மாதக்கணக்கில் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தனர்.

2022 டிசம்பர் 1 அன்று மும்பையிலும் வெள்ளோட்டம் விடப்பட்ட ரிசர்வ் வங்கியின் மின்-ரூபாய்க்கான கருத்துக் குறிப்பு, சிறு தொகைக்கு அநாமதேயம், பெருந்தொகைக்குத் தடம் என்கிறது. கொள்கை சரியே. ஆனால் குறிப்பு சட்டமாகிவிடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு முகமைகளுக்கு விலக்களிக்கக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயரை வெளியிடாமலே, அனுப்புபவர் தடைப்பட்டியலில் இல்லை என்று நிறுவும் கணித முறைகள் இன்று உள்ளன. அவற்றைக் கூலித் தொழிலாளியின் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல.

சிறு தொகை அனுப்புவோரின் அந்தரங்கத்தைச் சட்டப்படி உறுதி செய்! எத்தனை பினாமி நிறுவனங்களுக்குப் பின்னால் ஒளிந்தாலும், பெருந்தொகையின் உண்மை உரிமையாளரைப் பகிரங்கமாக்கு!