பறையும் கிதாரும் பக்கத்தில் நிற்கலாமா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். இரவில் கூத்து. மத்தளம் முழங்கும். முகவீணை கீச்சென்று கூவும். ஒருவர் உட்கார்ந்து ஆர்மோனியத்தில் சுருதி பிடிப்பார். கிழவிகள் சேலையைப் போர்த்திக்கொண்டு விடிய விடியப் பார்ப்பார்கள்.

"இதுதான் அசல்! இதில் கலப்படமே கிடையாது" என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

கலப்படம் கிடையாதா? அந்த ஆர்மோனியம் எந்த ஊர்ச் சரக்கு?

பிரெஞ்சு தேசத்துச் சரக்கு! 1840-களில் பாரிஸ் நகரத்தில் பிறந்தது. காலால் மிதிக்கும் பெட்டியாக இருந்த அதை, கல்கத்தாவில் கையால் துருத்தி போடும் பெட்டியாக மாற்றினார்கள். நாடகக் கம்பெனிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயின. "இது நம் சங்கீதத்துக்கு ஒத்து வராது" என்று 1940-ம் ஆண்டில் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தத் தடை இருந்தது. கூத்தாடிகள் அதைக் கேட்டார்களா? இல்லை. இன்று ஆர்மோனியம் இல்லாத கூத்து உண்டா?

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? ஒரு புதுச் சண்டைக்காகத்தான்.

புதுக் குழு

2018-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு கச்சேரி நடந்தது. மேடையில் 19 பேர். பறை, சட்டி, கட்ட மோளம் ஒரு பக்கம். கிதாரும் மேல்நாட்டு டிரம்சும் மறுபக்கம். சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உண்டாக்கிய குழு அது. "காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்று பெயர். சாதியற்றவர் கூட்டம் என்று பொருள். சாதி பேதமற்ற தமிழர் என்று பேசிய அயோத்திதாசப் பண்டிதரின் எண்ணத்திலிருந்து பிறந்த பெயர்.

அந்தக் குழுவில் பாடியவர்களில் ஒருவர் அறிவு. அரக்கோணத்துப் பிள்ளை. அவர் பாடுவது "ராப்". முழுப் பாட்டும் அல்ல. முழுப் பேச்சும் அல்ல. தாளத்தோடு சொற்களைக் கொட்டுவது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஏழைத் தெருக்களில் 1970-களில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த கலை.

2019-ம் ஆண்டில் அறிவும் ஆஃப்ரோ என்ற இசைக்காரரும் சேர்ந்து "தெருக்குரல்" என்ற பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார்கள். அங்கே பெரிய கூட்டம் இல்லை. ஒருவர் குரல், மற்றவர் இயந்திரத்தில் கோத்த தாளம். கோபம் கொப்பளித்தது. 2021-ம் ஆண்டில் பாடகி தீயோடு அவர் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" வந்தது. இசை சந்தோஷ் நாராயணன். கேட்டால் கால் தானாக ஆடும். கவனித்துக் கேட்டால் உள்ளே ஒப்பாரி இருக்கும். 2024-ம் ஆண்டில் அறிவு இன்னொரு தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயர் "வள்ளியம்மா பேராண்டி".

ஆறே ஆண்டுகளில் இத்தனை மாறுதல்! அதுதான் சண்டைக்குக் காரணம். "முதலில் இருந்த காரம் எங்கே?" என்கிறார்கள் சில இளைஞர்கள். "முதலில் இருந்ததே நம் இசை அல்ல" என்கிறார்கள் சில முதியவர்கள்.

இரண்டு கட்சியும் ஒலியை மட்டும் கேட்கின்றன. ஆளைப் பார்க்கவில்லை.

ஆள் எங்கே?

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பறை எப்போது ஒலிக்கும்? பெரும்பாலும் சாவுக்குத்தான். அடிப்பவர் தெருவில் நிற்பார். கொளுத்தும் வெயிலில் சுடுகாடு வரை நடப்பார். யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. "இந்தத் தொழிலே வேண்டாம்" என்று பறையைக் கீழே வைத்துவிட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல யாருக்கு உரிமை?

அதே பறை கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. விளக்கு வெளிச்சத்தில், சந்தோஷத்துக்காக அடித்தார்கள். ஜனங்கள் காசு கொடுத்தல்ல, கால் கடுக்க நின்று கேட்டார்கள். கிதார் பக்கத்தில் வந்தது பெரிய மாறுதல் அல்ல. கேட்பவர்கள் அடிப்பவரின் முகத்தைப் பார்த்தார்களே, அதுதான் பெரிய மாறுதல்.

ஆனால் பாட்டு உலகம் சுற்றினால் மட்டும் ஆளுக்கு இடம் கிடைத்துவிடுமா? "எஞ்சாயி எஞ்சாமி" கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு. அதே 2021-ல் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் படம் வந்தது. தீயின் படம் இருந்தது. பாட்டை எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லை! ரஞ்சித் முதல் ரசிகர்கள் வரை பலர் அதைக் கண்டித்தார்கள்.

கூத்தில் ஆர்மோனியம் வந்து சேர்ந்தது. முகவீணைக்காரரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. இன்றைய கல்யாண வீட்டிலோ ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டி வருகிறது. பேண்டு செட்டுக்காரருக்கு அன்று வேலை இல்லை. பம்பைக்காரருக்கும் இல்லை. கிளாரினெட்டை உறையில் போட்டு வீட்டுப் பரணில் வைத்தவர் எத்தனையோ பேர்! மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மட்டும் பம்பையும் உடுக்கையும் வேண்டியிருக்கிறது. அமாவாசை இரவில் இன்னும் அடிக்கிறார்கள்.

வள்ளியம்மா யார் என்று சொல்லவில்லையே! அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். அவர் பெயர்தான் தொகுப்பின் பெயராக அச்சாகியிருக்கிறது.

இங்கே கல்யாணப் பத்திரிகைகளில் தாய்மாமன் பெயர் உண்டு. சித்தப்பா, பெரியப்பா பெயர் உண்டு. வாண்டுகள் பெயர்கூட வரிசையாக உண்டு. மேளம் வாசிப்பவர் பெயர் மட்டும் இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்க விழுப்புரம் அச்சகத்துக்குப் போகிறவர்கள், அதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் எவ்வளவு செலவாகும்?