ஜவ்வரிசியும் முட்டைத் தட்டும்



ஆத்தூரிலிருந்து ராசிபுரம் வரை பஸ்ஸில் போகிறவர்களுக்கு சேகோ ஆலைகளின் புளித்த வாடை பழகிப்போயிருக்கும். சாலையோரக் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்வது நம் ஜவ்வரிசி. அசலில் அது மலாயாப் பக்கத்து சேகோ பனையின் தண்டிலிருந்து எடுத்த சரக்கு. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து தடைப்பட்ட நேரம், 1943 வாக்கில், சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் தொழில் பழகிய போபட்லால் ஷாவும் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், அதைச் செய்து பார்த்தார்கள்.

கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் தங்கிவிடும். அதை முத்தாக்குவதில்தான் வித்தை. ஈர மாவைத் தொட்டில்போல் கட்டிய துணியில் போட்டுக் குலுக்கினார்கள். ஈரம் கூடினால் களியாகும். குறைந்தால் பொடியாக உதிரும். பதம் சரியாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி மணியாகத் திரளும். பிறகு சூடான தட்டில் ஒரு வறுப்பு. மேல்பரப்பு மட்டும் வெந்து தோலாக இறுகும், உள்மாவு பச்சையாகவே இருக்கும். பாயசத்தில் அந்த உள்மாவும் வெந்த பிறகுதான் மணி கண்ணாடியாகத் தெளிகிறது. மாவின் பதத்துக்கும் மணியின் உருவத்துக்கும் கல்லூரிகளில் பொருளறிவியல், வடிவமைப்பு என்று இரண்டு துறைகள். நம்மூரில் ஒரே கொட்டகை! 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து, கிழங்கு மாவில் பை செய்வது பற்றி நிறையப் பேசுகிறோம். மாவோடு கிளிசரின் சேர்த்துச் சூடாக்கினால் வளைந்து கொடுக்கும் படலம் கிடைக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் இளகிவிடும். அதைத் தடுக்க வேறு மக்கும் பாலிமரைக் கலக்க வேண்டும், விலையும் ஏறும். தண்ணீருக்கு இளகும் பொருளை மழையில் தாங்கச் சொல்லி ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

எனக்குத் திப்பி மேல்தான் கண். மாவெடுத்த பின் மிஞ்சும் அந்தச் சக்கை பெரும்பாலும் மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது. பிரேசிலில் இதே சக்கையையும் பழுப்புத்தாளையும் சேர்த்து அட்டை செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நாமக்கல், லாரி லாரியாக முட்டை போகிறது, அத்தனைக்கும் தட்டு வேண்டும். உள்ளூர்த் திப்பியில் உள்ளூர் முட்டைத் தட்டு வந்தால் என்ன? ஈரத்தை உறிஞ்சி நமுத்துவிடுமே என்பது நியாயமான கேள்வி. அடுக்கும்போது கீழ்த்தட்டு எவ்வளவு எடை தாங்கும் என்பது அடுத்த கேள்வி.

சேகோ ஆலையிலோ கோழிப் பண்ணையிலோ யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால், தோற்றுப்போன முயற்சியாக இருந்தாலும் எழுதுங்கள். எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதினால் இன்னும் நல்லது. கடிதங்களுக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்