கடனுக்கு முன் ஒரு குடை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்தோடு மல்லாடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் சீமந்தம், காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று படம் பிடிக்கப் புறப்படும் இளைஞர்கள் இன்று அநேகர். கையிலிருக்கும் காமிரா பத்து வருஷத்துப் பழசு, அதில் எடுத்த முகங்கள் எடுபடவில்லை, தவணைக் கடனிலாவது புதிதொன்று வாங்கிவிட வேண்டும் என்ற கவலை அவர்களில் பலருடைய மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அவர்கள் சற்று நிதானிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், காமிராவின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு முகத்துக்கு நேரே வெளிச்சத்தை வீசியடிக்கும் பிளாஷ் செய்யும் குற்றத்துக்குத்தான் பெரும்பாலும் பாவம் அந்தக் காமிரா தண்டனை அனுபவிக்கிறது.

மூக்கின் எடுப்பும் கன்னத்தின் வளைவும் நம் கண்ணுக்குப் புலனாவது நிழலின் உபகாரத்தால். நேரே பாயும் ஒளி அந்த நிழலை முகத்திலிருந்து துடைத்தெடுத்துப் பின்சுவரில் கரியாக அப்பிவிடுகிறது. அதே பிளாஷைக் கழற்றி, ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, உட்காருபவரின் பக்கவாட்டில், தலைக்குச் சற்று உயரத்தில், நாலைந்து அடி தூரத்தில் ஒரு வெள்ளைக் குடைக்குள் பாய்ச்சினால், ஒளி மிருதுவாகி, முகலட்சணம் முழுவதும் திரும்பி வந்துவிடும். சுவரில் மோதவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள், நம் புறநகர் வீடுகளின் கிளிப்பச்சைச் சுவர்களையும் ரோஜா நிறச் சுவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வர்ணம் அப்படியே மணப்பெண்ணின் கன்னத்தில் ஏறிவிடும்.

இதற்கு வேண்டிய உபகரணங்கள் சொற்பமே. சக்தியைக் கையால் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கோடாக்ஸ் டிடி600, யோங்னுவோ ஒய்என்560 போன்ற பிளாஷ் ஒன்று, ஒரு ரேடியோ டிரிகர், ஒரு ஸ்டாண்ட், ஒரு குடை: அவ்வளவுதான். நான்கு பென்சில் செல்களில் ஓடுவதால், மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. காமிராவோடு பேசித் தானே ஒளியை அளந்துகொள்ளும் விலையுயர்ந்த பிளாஷ், ஓடியாடும் விசேஷக் கூட்டத்தில் சௌகரியமானதுதான். ஆனால் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுப்பதற்கு அது பிரதானமில்லை. அங்கே ஒருமுறை அளந்த ஒளி, விளக்கும் ஆளும் இடம் மாறாதவரை, மாறுவதேயில்லை. விளக்கை மூன்றடியிலிருந்து ஆறடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் கால் பங்காகும் என்ற ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை பழக்கத்தில் வந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2018-ல் வந்த கேனன் 1500டி, 3000டி காமிராக்களில் பிளாஷை மாட்டும் மேற்பொருத்தில், அதை எரியச் செய்யும் நடுத்தொடுமுனையே கிடையாது. சாதாரணப் பிளாஷை வைத்தால் அது எரியாது. அவற்றுக்கு முந்திய 1200டியோ அதை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். 2006-ல் வந்த நிக்கான் டி40, பிளாஷோடு 1/500 வினாடி ஷட்டர் வேகம் வரை இணைந்து வேலை செய்யும். இன்றைய காமிராக்கள் பலவற்றுக்கு எல்லை 1/200 அளவிலேயே நிற்பதால், வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது அந்தக் கிழக் காமிராவின் கை ஓங்கியிருக்கும். தன் காமிராவுக்குரிய அந்த எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும் என்பதையும் மறக்கலாகாது.

சிக்கனம் என்ற பெயரில் பரணிலிருந்து பழைய பிளாஷை இறக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விவிட்டர் 283-ன் ஆரம்பகாலப் பிரதிகள் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கேனனின் பழைய டிஜிட்டல் காமிராக்கள் சிலவற்றுக்கு விதிக்கப்பட்ட வரம்போ 6 வோல்ட்தான். பிளாஷ் முழுதும் ஏறிய பிறகு மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்ப்பது எப்படி என்று தொழிற்பேட்டை இளைஞர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

விசேஷ வீட்டார் காமிராவின் பருமனைப் பார்த்துத்தானே மரியாதை செய்கிறார்கள் என்று அந்த இளைஞர்கள் கேட்கலாம். வாஸ்தவம்; வாசலில் கிடைக்கும் மரியாதை அப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வருவது ஆல்பத்தைப் புரட்டிய பிறகு. அப்போது வீட்டார் தேடுவது பாட்டியின் முகம் பாட்டியின் முகமாகவே இருக்கிறதா என்பதைத்தான்.