நடராஜர் சிலையும் நம் விசுவாசமும்



ஃபேர்லேண்ட்ஸிலும் அதைச் சுற்றிலும் வாழும் நம் சபைக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று பொறியியலும் அறிவியலும் பயில்கிறவர்கள். அவர்களுடைய கைபேசிகளுக்கு இரு வகைச் செய்திகள் ஓயாமல் வருகின்றன. குவாண்டம் இயற்பியல் அத்வைதத்தை மெய்ப்பித்துவிட்டது என்கிறது ஒன்று. அதே இயற்பியல் வேதாகமத்தை மெய்ப்பித்துவிட்டது என்கிறது மற்றொன்று. இவ்விரண்டில் எதையும் நாம் பற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே இவ்வாரம் உங்கள் முன் நான் வைக்க விரும்பும் கருத்து.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா அருகே செர்ன் என்னும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு, ஒன்றோடொன்று மோதச் செய்து, பொருளின் அடிப்படையை ஆராய்கிறார்கள். அந்த வளாகத்தில் இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராஜர் சிலை நிற்கிறது. செர்னோடு இந்தியாவுக்கு உள்ள நெடுங்கால உறவின் அடையாளமாக இந்திய அரசு வழங்கிய அந்தச் சிலை 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. நம் தமிழ் மண்ணில் சோழர் காலச் சிற்பிகள் செம்மை செய்த வடிவம் அது.

இச்சிலையைக் காட்டி, செர்னில் நரகத்தின் வாசலைத் திறக்கிறார்கள் என்று சொல்லும் காணொளிகள் கிறிஸ்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் உலவுகின்றன. அவை பொய்யானவை. பிறனைக் குறித்துப் பொய்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளை கைபேசிக்கும் பொருந்தும். அத்தகைய காணொளி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

சிலையின் அருகே உள்ள பலகையில், கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் சொற்களும் இயற்பியலாளர் ஃபிரிட்ஜாஃப் காப்ராவின் சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. காப்ரா 1975-இல் 'தி டாவோ ஆஃப் பிசிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டவர். துகள்கள் இடைவிடாமல் தோன்றி மறைவதைச் சிவனின் நடனத்தோடு அவர் ஒப்பிட்டார். உவமை என்ற அளவில் அது அழகானதே. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கீழைநாட்டு ஞானிகள் தியானத்தில் கண்டதையே இன்றைய இயற்பியலும் கண்டிருக்கிறது என்று வாதிட்டார்.

அதற்கு அவர் பெரிதும் சார்ந்து நின்றது அக்காலத்தின் 'பூட்ஸ்ட்ராப்' என்ற கொள்கை. எந்தத் துகளும் அடிப்படையானது அன்று, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றாலும் ஆனது என்பது அதன் சாரம். எல்லாம் ஒன்றே என்னும் மறைஞானத்துக்கு அது மிக நெருக்கமாகத் தோன்றியது. ஆனால் 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு ஆய்வுக்கூடங்கள் ஒரு புதிய துகளைக் கண்டறிந்தபோது, புரோட்டான் போன்றவை குவார்க்குகள் என்னும் இன்னும் சிறிய அடிப்படைத் துகள்களால் ஆனவை என்ற விளக்கம் வலுப்பெற்றது. நூல் வெளிவந்த வேளையிலேயே அதன் முக்கியத் தூண்களில் ஒன்று ஆட்டங்காணத் தொடங்கியிருந்தது. இதனால் அத்வைதம் பொய்யாகிவிட்டதா? இல்லை. அன்றைய இயற்பியல் அதை மெய்ப்பிக்கவும் இல்லை, பின்னர் வந்த இயற்பியல் அதை வீழ்த்தவும் இல்லை. கட்டிய கயிறுதான் அறுந்தது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இரு பிளவுகள் உள்ள தடுப்பை நோக்கி எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், அப்பால் உள்ள திரையில் அலைகளுக்குரிய வரிவரியான கோலம் மெல்ல உருவாகும். ஒவ்வோர் எலெக்ட்ரானும் எந்தப் பிளவின் வழியே சென்றது என்று ஒரு கருவி பதிவு செய்தால், அக்கோலம் மறைந்துவிடும். இதை வைத்துக்கொண்டு, மனிதனின் எண்ணமே பொருளை மாற்றுகிறது என்றும், ஆகவே விசுவாசித்து அறிக்கையிட்டால் நோயும் கடனும் நீங்கும் என்றும் நம் மேடைகளிலேயே சிலர் பேசுகிறார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. கருவிக்கும் எலெக்ட்ரானுக்கும் இடையே நிகழும் தொடர்பே கோலத்தை மறைக்கிறது. அந்தப் பதிவைப் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் அது மறையும். இப்போதனை எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பாருங்கள். நோயுற்ற பிள்ளையின் படுக்கையருகே நிற்கும் தாயிடம், உன் எண்ணம் சரியில்லாததால்தான் பிள்ளை தேறவில்லை என்று சொல்வதில் முடியும். அது அறிவியலும் அன்று, சுவிசேஷமும் அன்று.

'கடவுள் துகள்' என்ற பேச்சும் இத்தகையதே. அப்பெயர் லியான் லீடர்மன் என்ற இயற்பியலாளர் 1993-இல் வெளியிட்ட நூலின் தலைப்பால் பரவியது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் அறிவித்த ஹிக்ஸ் துகள், அடிப்படைத் துகள்கள் எவ்வாறு நிறை பெறுகின்றன என்பதை விளக்க உதவுகிறது. படைத்தவர் உண்டா, இல்லையா என்று அது எதுவும் சொல்வதில்லை.

இதில் நமக்கு நல்ல வழிகாட்டி பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமேத்ர். அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பேரண்டம் விரிவடைகிறது என்று 1927-இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931-இலும் எழுதியவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அக்கொள்கையை ஆதியாகமத்தின் படைப்புக்குச் சான்றாகக் காட்டினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்ர் அதை விரும்பவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. அவர் விசுவாசத்துக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை. இன்றைய கோட்பாட்டின் மேல் கட்டிய விசுவாசம், நாளை அக்கோட்பாடு திருத்தப்படும்போது என்னவாகும்?

அப்படியானால் கீழைநாட்டு மெய்யறிவோடு நமக்கு உரையாடலே கூடாதா? கூடும். கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதற் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, 1927-இலேயே கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதினார். தமிழ்ப் பக்தர்களின் ஏக்கத்தை அவர் மதித்தார், அவர்களிடம் கற்றார். அதற்கு இயற்பியலின் சிபாரிசு அவருக்குத் தேவைப்படவில்லை. அண்டை வீட்டாரோடு நாம் உட்கார்ந்து பேசவேண்டியதும் அவ்வாறே. உங்களுக்குச் சான்று இல்லை, எங்களுக்கு உண்டு என்ற போட்டி அங்கே வேண்டாம்.

பிள்ளைகளே, இயற்பியலை இயற்பியலாகவே கற்றுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1874-இல் திறக்கப்பட்ட கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் கதவில் 111-ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனம் லத்தீனில் பொறிக்கப்பட்டது. கர்த்தருடைய கிரியைகளில் மகிழ்கிறவர்கள் அவற்றை ஆராய்கிறார்கள் என்பது அதன் கருத்து. அந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். அவ்வசனம் ஆய்வின் முடிவு இன்னதாக இருக்கவேண்டும் என்று கட்டளையிடவில்லை. அஞ்சாமல் ஆராயச் சொல்கிறது.

நம் விசுவாசம் நிற்பது சிலுவையில் அறையுண்டு உயிர்த்தெழுந்த ஒருவரின் மேல். சமன்பாடுகள் மாறும்போது அவர் மாறுவதில்லை.

ஜெபம்: அன்பின் பிதாவே, உமது கிரியைகளை உண்மையோடு ஆராயவும், அயலாரைக் குறித்து உண்மையே பேசவும், உம்மை மாத்திரம் சார்ந்திருக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.